முப்பத்திரண்டு வீட்டுக் குடங்கள்

என் கடையில் மாவு அரைப்பதும் சாம்பார் கொதிப்பதும் கேன் தண்ணீரில்தான். பாத்திரம் கழுவுவது அடிபம்பு உப்புத் தண்ணீரில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையில் ஓரிடத்தில் என்னைத் திருட்டுத் தண்ணீர் வாங்கினவள் என்று சொல்லப்போகிறார்கள். சொன்னவன் பிறகு என்னிடமே வந்து கெட்டிச் சட்னி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். நானும் போட்டேன். வியாபாரம் என்றால் அப்படித்தான்.

என் பெயர் சண்முகவடிவு. திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரி. மயிலாப்பூரில் கால்வாய் ஓரத்துச் சந்தின் முனையில் இட்லிக்கடை போட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. தலைக்கு மேலே பறக்கும் ரயில் போகும். கீழே கால்வாய் நாற்றம். நடுவில் என் இட்லி ஆவி. பழகினால் மூன்றும் ஒன்றுதான். சந்தில் முன்பு ஐம்பது வீட்டுக்கு மேல் இருந்தது. பல பேரை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது முப்பத்திரண்டு வீடு. எனக்கு வீடு வேறு தெருவில், அதனால் சந்துத் தண்ணீரில் எனக்குப் பங்கு கிடையாது.

என் கடைக்கு எதிரே, ரயில் தூணை ஒட்டி, கறுப்பு டேங்க் ஒன்று இருக்கிறது. ரெண்டாயிரம் லிட்டர். ஒன்றுவிட்டு ஒரு நாள் காலையில் லாரி வந்து வழிய வழிய நிரப்பிவிட்டுப் போகும். அதன் குழாய்க்குப் பூட்டு உண்டு. சாவி தேவானையிடம். வீட்டுக்கு ஐந்து குடம் என்பது சந்தின் சட்டம். முதல் வீட்டிலிருந்து வரிசையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள், ஐந்து நிரம்பியதும் குழாயை மூடுவாள், அடுத்த வீடு. ஆறாவது குடம் அவள் அப்பனே வந்து கேட்டாலும் கிடையாது. இதற்கு அவளுக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் டேங்கடிச் சண்டையில் ஒருத்தர் மண்டை உடைந்தபோது, "தேவானை கைல குடுங்க, அவ ஒருத்திதான் சத்தம் போட்டுகினே எண்ணவும் தெரிஞ்சவ" என்று சந்தே சேர்ந்து கொடுத்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம். இருக்கட்டுமே!

தேவானைக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். புருஷன் புகழேந்தி பெயின்ட் வேலைக்காரன், ஒரகடம் பக்கம் போனால் பத்து நாள் கழித்துத்தான் தலை காட்டுவான். ஒரே பெண், அன்புச்செல்வி, நாலாம் வகுப்பு. தேவானை ஆழ்வார்பேட்டையில் ஒரே அபார்ட்மென்டில் மூன்று வீட்டில் வேலை செய்கிறாள். மூன்று வீட்டுக்காரர்களும் ஊருக்குப் போனால் சாவியை இவளிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

பங்குனி வெயில் ஆரம்பித்ததிலிருந்து டேங்க் தண்ணீர் கடைசி நாலு வீட்டுக்கு எட்டவில்லை. முதலில் ஒரு குடம் குறைந்தது. பிறகு ஒரு வீடு. இப்போது இருபத்தெட்டாவது வீட்டோடு குழாய் கொக்கரித்துவிட்டு நின்றுவிடுகிறது.

அந்த வியாழக்கிழமை முப்பதாம் வீட்டுச் சக்திவேல் காலிக்குடத்தை டேங்கடியில் டமாரென்று வைத்தான். ஆட்டோ ஓட்டுகிறவன். வண்டிக்கு ஹாரனே தேவையில்லை, அவன் வாய் போதும்.

"இன்னா தேவானை, இன்னிக்கும் எங்க பக்கத்துக்கு வெறும் காத்துதானா?"

"நான் இன்னா பண்ண சொல்ற சக்தியண்ணா? டேங்கு காலி. நீயே தட்டிப் பாரு."

"தட்டினா தண்ணி வந்துருமா? ரெண்டாயிரம் லிட்டரு. முப்பத்திரண்டு வூடு. முன்னெல்லாம் கடேசி வூடு வரைக்கும் வந்துச்சில்ல? இப்ப மட்டும் இன்னா, ஆவியா பூடுச்சா?"

"லாரிக்காரன் வழிய வுட்டுட்டுதான் போறான். நீயும் நின்னு பாத்துகினுதானே கீற?"

"அதான் நானும் கேக்கறேன். வழிய வழிய ரொப்புறான். அப்பால எங்க போவுது? சாவி உன் கைலதானே கீது?" என்றவன், பார்வையை அப்படியே என் கடைப்பக்கம் திருப்பினான். "சந்து முனைல யாவாரம் சோக்கா நடக்குது. மாவுக்கு, சாம்பாருக்கு, கை கழுவ... அல்லாத்துக்கும் தண்ணி எங்கேர்ந்து வருதோ."

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். கரண்டியோடு இறங்கிவிட்டேன். "ஏ சக்திவேலு, வாயை அளந்து பேசு! எங்கடைக்கு வார கேனு நாளைக்கு ஆறு. வந்து நின்னு எண்ணிப் பாரு. ஓசித் தண்ணியில இட்லி அவிச்சுப் பொழைக்கணும்னு எனக்கு எழுதல பாத்துக்கோ."

அவன் அடங்கினான். ஆனால் அவன் பெண்டாட்டி அடங்கவில்லை. அவளும் ஆழ்வார்பேட்டையில் அதே அபார்ட்மென்டில் கீழ்த்தளத்தில் வேலை செய்கிறவள். தேவானையை நேராகப் பார்க்காமல், குடத்தைப் பார்த்துப் பேசினாள். "கை சுத்தம் இல்லாதவங்க கைல வூட்டுச் சாவியக் குடுத்துட்டு போறாங்கோ பாரு, அவங்கோ தலைல அடிச்சிக்கணும். போயி சொல்லிட்டா தெரியும்."

தேவானையின் முகம் செத்துவிட்டது. அதுவரை சண்டைக்குச் சண்டை நின்றவள், அந்தச் சொல்லைக் கேட்டதும் குழாயைத் திருகித் திருகிப் பார்த்தாள். வீட்டு வேலை செய்கிறவளைச் சோம்பேறி என்று சொல்லலாம், வாயாடி என்று சொல்லலாம், தாங்கிக்கொள்வாள். கை சுத்தம் இல்லை என்று ஒரு பேச்சு லிஃப்ட் ஏறிப் போய்விட்டால் மூன்று வீடும் ஒரே நாளில் போய்விடும். அப்புறம் எந்த அபார்ட்மென்டிலும் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கமாட்டான்.

"ஞாயித்துக்கிழம பத்து மணிக்கு அல்லாரும் தூணாண்ட வாங்க. பேசி முடிச்சிருவோம். சாவி வேற கைக்குப் போவணும்" என்று சொல்லிவிட்டுச் சக்திவேல் ஆட்டோவைக் கிளப்பினான்.

மறுநாள் சாயங்காலம் அன்புச்செல்வியும் ராம்குமாரும் பள்ளிக்கூடப் பையோடு என் கடைக்கு வந்து நின்றார்கள். ராம்குமார் அந்தச் சக்திவேலின் மகன்தான். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச். பெரியவர்கள் சண்டை அதுகளுக்கு ஏறவே இல்லை.

"அத்தே, ஒரு லிட்டர் பாட்டில் காலியா இருந்தா குடு. ஜவஹர் சார் வேலை குடுத்துக்கீறாரு" என்றாள் அன்பு.

ஜவஹர் சார் இந்தப் பிள்ளைகளின் வாத்தியார். தினம் காலையில் என்னிடம் ரெண்டு இட்லி, ஒரு வடை சாப்பிட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவார். சட்னியில் உப்பு கூடினால்கூட, "அக்கா, இன்னிக்கு அரை ஸ்பூன் கூட" என்று அளவோடுதான் சொல்வார்.

"என்ன வேலைட்டி?"

"வூட்ல இருக்கற சாமான் எத்தினி லிட்டர் புடிக்கும்னு மொதல்ல கண்ணால பாத்து சொல்லணுமாம். அத்த ஒரு பக்கம் எழுதணும். அப்பால அளந்து பாத்து இந்தப் பக்கம் எழுதணும். அளக்கற சாமானும் நாமளே செய்யணும். கடைல வாங்கக் கூடாது."

"தப்பாப் போச்சுன்னா?"

"தப்புன்னா ஒரு கோடு போட்டு அடிச்சிட்டு பக்கத்துலயே சரியா எழுதணும். பேப்பர கிழிச்சா மார்க் இல்லன்னுட்டாரு."

பாட்டில் கொடுத்தேன். சனிக்கிழமை லீவு. விடிந்ததும் ரெண்டும் என் கடைக்குப் பின்னால் கடையைப் பரப்பிவிட்டன. அன்பு வீட்டுப் பெரிய பிளாஸ்டிக் பக்கெட், பாட்டில், தேவானையின் சிவப்பு நகப்பாலிஷ், ஒரு ஸ்கேல். பாட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீர் பிடித்து பக்கெட்டில் ஊற்றினார்கள். தண்ணீர் நின்ற இடத்தில் பக்கெட்டின் உள்பக்கம் ராம்குமார் சிவப்பாக ஒரு கோடு போட்டான். ஸ்கேலை வைத்துப் பார்த்தான்.

"ரெண்டரை சென்டிமீட்டர். அப்டின்னா ஒரு லிட்டருக்கு ரெண்டரை. ரெண்டு லிட்டருக்கு அஞ்சு. இன்னாத்துக்கு ஒவ்வொரு தபாவும் ஊத்திகினு? ஸ்கேல வெச்சே போட்டுரலாம்."

எனக்கும் அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது. தண்ணீரைக் கொட்டிவிட்டு, ரெண்டரைக்கு ஒன்றாகப் பதின்மூன்று கோடு போட்டு எண் எழுதினான். ஒரு கோடுகூட ஆடவில்லை. அச்சடித்த மாதிரி இருந்தது. "சபாஷ்டா" என்று ஆளுக்கொரு மெதுவடை கொடுத்தேன். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. என் சபாஷுக்கு அவ்வளவுதான் மதிப்பு.

அன்று லாரி நாள். குடங்கள் வரிசையில் நின்றன. தண்ணீர் பிடித்துக்கொண்டு போகிற ஒவ்வொரு வீட்டையும் மறித்து, ஒரு குடத்தை பக்கெட்டில் ஊற்றி அளந்து, திருப்பிக் குடத்தில் ஊற்றிக் கொடுத்தார்கள். சொட்டு சிந்தினாலும் ஏச்சு. "அடி, என் தண்ணில வெளையாடாதீங்கடி!" "அளந்துட்டு தர்றோம் சின்னம்மா, ஒரு நிமிசம்." ராம்குமார் கோட்டைப் படிப்பான், அன்பு எழுதுவாள். பத்து, பத்தரை, பதினொன்று. தண்ணீர் கிடைக்காத நாலு வீட்டுக் குடத்தையும் விடாமல் கொண்டுவரச் சொல்லி அளந்தார்கள். குழாயடியில் தேவானை எண்ணிக்கொண்டே மகளைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

சார் கேட்டது அவ்வளவுதான். ஆனால் ராம்குமாருக்குப் பெருக்கல் பைத்தியம். முப்பத்திரண்டு குடத்தையும் கூட்டினான். முந்நூற்று நாற்பது. ஐந்தால் பெருக்கினான். ஆயிரத்து எழுநூறு. மத்தியானம் சோற்றுக்கு வந்த அப்பனிடம் பெருமையாக அன்பு எழுதின நோட்டைக் காட்டியிருக்கிறான்.

சாயங்காலம் சக்திவேல் அந்த நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சந்து முழுக்க நடந்தான்.

"பாத்துக்கோங்க! முப்பத்திரண்டு வூட்டுக்கும் அஞ்சு கொடம் குடுத்தாலும் ஆயிரத்து எழுநூறுதான். டேங்கு ரெண்டாயிரம். முந்நூறு லிட்டர் மிஞ்சணும். நமக்கு மிஞ்சல, கொறையுது. யார் அளந்தது? நான் அளக்கல. அவ பெத்த பொண்ணே அளந்து கையால எழுதிக்கீது!"

ஆறு மணிக்கெல்லாம் அவன் பெண்டாட்டி ஆழ்வார்பேட்டையில் சொல்லிவிட்டாள் என்று செய்தி வந்துவிட்டது.

தேவானை என் கடைப் பலகையில் வந்து உட்கார்ந்தாள். பின்னாலேயே அன்பு, திரும்பி வாங்கிய நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. நான் ரெண்டு பேருக்கும் தோசை ஊற்றி வைத்தேன். ஒருத்தியும் தொடவில்லை.

"ம்மா, நீ யாருக்காச்சும் தண்ணி குடுத்தியா?"

"ஒரு சொம்பு கூட குடுக்கல."

"ஜைதூன் பீ பாட்டிக்கு?"

"கடேசி வூட்டுக்கெழவி, பாவம்னு என் வூட்டுத் தண்ணிலேர்ந்து ஒரு கொடம் குடுத்தேன். டேங்குலேர்ந்து இல்ல."

"அப்ப முந்நூறு ஏன் வருது?"

"எனக்கின்னா தெரியும்? நீதானே அளந்த."

அந்தப் பெண் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். எனக்குப் பொறுக்கவில்லை. "ஏ தேவானை, அந்தப் பக்கத்தைக் கிழிச்சு அடுப்புல போடு. பிள்ளைங்க வெளையாட்டுக்கு எழுதினதுன்னு சொல்லிருவோம். நான் சாட்சி சொல்லுதேன்" என்றேன்.

தேவானை என்னை ஒரு பார்வை பார்த்தாள். "வாணாம்க்கா. நான் எடுக்கல. அது எனக்குத் தெரியும். ஆனா எம் பொண்ணு அளந்து எழுதினத என் வாயால பொய்யின்னு சொல்லமாட்டேன். நாளைக்கு இதே எழுத்த வெச்சிதானே அவ பொழைக்கணும்?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தோசைக்கல்லைத் துடைக்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணிக்கு நான் முதல் ஈடு இட்லி எடுக்கும்போது கடைக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம். போய்ப் பார்த்தால் அன்பு. அவள் வீட்டுக் குடம் ஒன்று, நீலநிறத்தில், வயிறு பெருத்தது. பாட்டிலால் மொண்டு மொண்டு அந்தக் குடத்தில் ஊற்றி, விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி இந்நேரத்துல?"

"இரு அத்தே, எண்ணிகினு கீறேன். பதினஞ்சு... பதினாறு..."

பதினேழு பாட்டிலில் குடம் கழுத்துவரை நிரம்பியது. நோட்டைப் பிரித்துக் காட்டினாள். அந்தக் குடத்துக்கு நேற்று எழுதியிருந்தது பன்னிரண்டே கால்.

"பாட்டில் பதினேழுன்னு சொல்லுது. பக்கெட்டு பன்னண்டே காலுன்னு சொல்லுது. ரெண்டுல ஒண்ணு புளுகுது அத்தே."

அவளே பக்கெட்டைக் காலி செய்தாள். ஒவ்வொரு பாட்டிலாக ஊற்றி, ஒவ்வொன்றுக்கும் குனிந்து பார்த்தாள். முதல் பாட்டில், முதல் கோடு. சரி. ரெண்டாவது கோட்டுக்கு ஒரு மயிரிழை குறைந்தது. ஐந்தாவது பாட்டிலுக்குக் கோடு எட்டவில்லை. பத்து பாட்டில் ஊற்றினபோது தண்ணீர் எட்டாவது கோட்டைக் கொஞ்சம் தாண்டி நின்றது.

கையைத் தண்ணீருக்குள் விட்டு பக்கெட்டின் அடியைச் சுற்றித் தடவினாள். பிறகு வாயைச் சுற்றித் தடவினாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"அத்தே! அடி சின்னது, வாயி பெருசு! மேல போவப் போவ தண்ணிக்கு எடம் ஜாஸ்தி. அது பரவிக்குது. ஏறவே மாட்டேங்குது. ஆனா நாங்க கோட்ட ஒரே மாரி போட்டுட்டோம்!"

தினம் அதே மாதிரி பக்கெட்டில் மாவு கரைக்கிறவள் நான். இருபத்திரண்டு வருஷமாக அதன் அடியையும் வாயையும் பார்க்கிறேன். எனக்குத் தோன்றியதா?

"அப்போ கொடமெல்லாம் நீ எழுதினதவிடப் பெருசா?"

"அல்லாமே பெருசு. அம்மா எடுக்கல அத்தே. அல்லா கொடமும் சேந்து குடிச்சிருக்குது." சொல்லிவிட்டு நீலக் குடத்தைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல நின்றது. அந்தக் குடத்தை எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு இட்லி இறக்க வேண்டியிருந்தது.

பத்து மணிக்குத் தூணடியில் சந்தே கூடியது. வெயில் தூணுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது, பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார்கள். சக்திவேல் அன்பின் கையிலிருந்த நோட்டை வாங்கி உயர்த்தினான். அவன் வாயைத் திறப்பதற்குள் ராம்குமார் முன்னால் வந்தான். அன்பு அவனிடம் முன்பே சொல்லிவிட்டாள்போல.

"நைனா, அது தப்பு. கோடு நான்தான் போட்டேன். தப்பா போட்டுட்டேன்."

"டேய், சொம்மா இரு. யாரு சொல்லிக் குடுத்தாங்கோ உனக்கு?"

"யாரும் சொல்லல. நீயே பாரு." பாட்டிலால் பத்து எண்ணி பக்கெட்டில் ஊற்றினான். சந்தும் சேர்ந்து எண்ணியது. தண்ணீர் எட்டாவது கோட்டில் நின்றது. சக்திவேல் குனிந்து பார்த்தான், எழுந்தான், மறுபடி குனிந்தான். கடைசி வீட்டு ஜைதூன் பீ, "அரே அல்லா, பத்து ஊத்தினா எட்டு காட்டுதே இது!" என்று கன்னத்தில் கை வைத்தாள்.

"தப்பு அவன் மட்டும் பண்ணல. நானும் பாத்துகினுதானே இருந்தேன்" என்றாள் அன்பு. "இப்ப பாட்டில் ஊத்தி ஊத்தி வேற கோடு போட்டுக்கீறோம். பச்சைக் கோடு. அல்லாரும் ஒரு கொடம் எட்துனு வாங்க. இங்கியே அளக்கலாம்."

தண்ணீருக்கு நான் என் கடைக் கேன் ஒன்றைக் கொடுத்தேன். அதே தண்ணீர்தான் குடத்திலும் பக்கெட்டிலும் மாறி மாறிப் போய் வந்தது. குடத்தைத் தூக்கி ஊற்றுவது சக்திவேல். அவனையே அந்த வேலைக்கு வைத்துவிட்டார்கள் பிள்ளைகள். ராம்குமார் தூணில் சாக்பீஸால் எழுதினான். அன்பு பச்சைக் கோட்டைப் படித்தாள்.

"ஒண்ணாம் நம்பர் வூடு, பதினாலு."

"ரெண்டு, பதிமூணரை."

"நாலு, பதினஞ்சு."

ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சலசலப்பு. யாரும் கள்ளத்தனம் செய்யவில்லை. பழைய குடம் ஓட்டையானதும் கடைக்குப் போனார்கள், அதே விலையில் பெரியது இருந்தது, வாங்கி வந்தார்கள். குடம் என்றால் குடம். அது ஒரு அளவு என்றே யாருக்கும் தோன்றவில்லை.

எட்டாம் வீடு முடிந்தது. ஒன்பதாம் வீடு தேவானையுடையது. நீலக் குடம். சக்திவேல் ஊற்றினான். ஊற்றிக்கொண்டே இருந்தான். தண்ணீர் ஏறி ஏறி பக்கெட்டின் வாய்க்கு வந்துவிட்டது. அன்பு குனிந்து பார்த்தாள்.

"படிடி" என்றாள் தேவானை.

அந்தப் பெண் நிமிர்ந்து அம்மா முகத்தைப் பார்த்தாள். காலையிலேயே அவளுக்கு அந்த எண் தெரியும். வேறு யாரிடமாவது சின்னக் குடம் ஒன்றை அவள் வாங்கி வந்திருக்கலாம், அரை லிட்டர் தள்ளிப் படித்திருக்கலாம். பக்கெட்டுக்குள் எட்டிப் பார்க்க யாரால் முடியும்?

"ஒம்பதாம் நம்பர் வூடு. பதினேழு."

சந்து முழுக்க 'ஓ' என்றது. அதுவரை பதினாறைத் தாண்டின வீடே இல்லை. பதினாறு இருந்தது அவளுக்கு முன்னால் ஒரே ஒரு வீட்டில்தான். பின்னால் சக்திவேல் குடமும் பதினாறு வந்தது, அதைத் தனியாகச் சொல்ல எனக்கு ஆசை.

தேவானை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "அறுபத்துமூவர் திருவிழாக் கடைல அஞ்சும் சேத்து வாங்கினேன். பெருசா அழகா கீதேன்னு வாங்கினேன். சத்தியமா எனக்குத் தெரியாது. ஆனா ஜாஸ்தி போனது என் வூட்டுக்குத்தான். எழுதுறா ராம்குமாரு, நல்லா பெருசா எழுது."

முப்பத்திரண்டாவதாக ஜைதூன் பீயின் குடம் வந்தது. வெளிறிப்போன பச்சை. வெள்ளம் வந்த வருஷம் நிவாரணமாக வீட்டுக்கு வீடு கொடுத்த குடம். முப்பத்திரண்டு வீட்டுக்கு டேங்க் வைத்து, வீட்டுக்கு ஐந்து என்று சந்து கணக்குப் போட்டபோது எல்லோரிடமும் இருந்தது அந்தக் குடம்தான். "பன்னண்டு" என்றாள் அன்பு. மூன்று வாரமாக ஒரு சொட்டுக் கிடைக்காத வீட்டில்தான் அந்தப் பழைய அளவு மிச்சம் இருந்தது.

ராம்குமார் தூணில் கூட்டினான். நானூற்று நாற்பத்தெட்டு. ஐந்தால் பெருக்கினான். "ரெண்டாயிரத்து இருநூத்தி நாப்பது. டேங்கு ரெண்டாயிரந்தான் நைனா. அதுலயும் அடித் தண்ணி கொழாய்ல வராது. யார் நின்னு புடிச்சாலும் கடேசி நாலு வூட்டுக்கு இல்ல."

சக்திவேல் தலையைச் சொறிந்தான். "தப்பா பேசிட்டேன் தேவானை" என்றான், சின்னக் குரலில். அவனுக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"பேசினது பேசினதுதாண்ணா. ஆழ்வார்பேட்டை வரைக்கும் போயிடுச்சே, அத்த எப்டி திருப்பிக் கொணாருவ?"

அவன் பெண்டாட்டி கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

எல்லாக் குடத்திலும் பன்னிரண்டு லிட்டர் மட்டத்தில் பச்சைக் கோடு போடுவது, அதற்கு மேல் ஒருவரும் பிடிக்கக் கூடாது என்று முடிவாயிற்று. தேவானை சாவியை எடுத்து ஜைதூன் பீ கையில் வைத்தாள். "இனிமே நீ வெச்சிக்கோ." கிழவி சாவியை உடனே அவள் இடுப்பிலேயே திருப்பிச் செருகினாள். "என் கண்ணுக்குக் கோடே தெரியாதுடி. பதினேழ மறைக்காத வூட்டுல இருக்கட்டும்."

திங்கட்கிழமை லாரி வந்தது. முப்பத்திரண்டாம் வீட்டு ஐந்தாவது குடம் கோடு வரை நிரம்பிய பிறகும் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. ஜவஹர் சார் இட்லித் தட்டோடு நின்று பார்த்தார். அன்பின் நோட்டை வாங்கி, அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதியிருந்த முப்பத்திரண்டு எண்ணையும் விரல் வைத்துப் படித்தார். "அக்கா, இன்னிக்கு வடை ரெண்டா குடுங்க" என்றார். அவ்வளவு சந்தோஷம்.

தேவானை வேலைக்குக் கிளம்பும் முன் என் கடையில் உட்கார்ந்தாள். கை இட்லியில். போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். ஆழ்வார்பேட்டை மூன்றாம் மாடி அம்மா.

"தேவானை, கீழாத்துல வேலை செய்யறவ சனிக்கிழமை என்னமோ சொல்லிண்டிருந்தா. நீ தண்ணி ஜாஸ்தியா எடுத்துண்டேன்னு. எனக்கு மனசே சரியில்லை. நிஜமா?"

நான் அவசரமாகக் கையை ஆட்டினேன். இல்லை என்று சொல்லு, பொய் என்று சொல்லு, சந்தே மன்னிப்புக் கேட்டது என்று சொல்லு. தேவானை என்னைக் கண்டுகொள்ளவே இல்லை.

"நெஜந்தாம்மா. திருடல. ஆனா எங்க சந்துலயே பெரிய கொடம் என்துதான். பதினேழு லிட்டரு. எனக்கே தெரியாம ஒவ்வொரு தபாவும் ஜாஸ்தி புடிச்சிகினு இருந்துக்கீறேன்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"யார் கண்டுபிடிச்சா இதை?"

"எம் பொண்ணும்மா. அன்பு. நாலாவது படிக்குது. முப்பத்திரண்டு வூட்டுக் கொடத்தையும் அளந்து, அல்லார் முன்னாடியும் சொல்லிச்சு." அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. என் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரி, நீ எப்பவும் போல வா. அவளையும் ஒரு நாள் அழைச்சுண்டு வா, நான் பாக்கணும்" என்றார் அந்த அம்மா. பிறகு ஆச்சரியமாகக் கேட்டார். "ஏண்டி, பெத்த அம்மான்னுகூடப் பாக்கலையா அவ?"

"பாத்தாம்மா," என்றாள் தேவானை. "என் மொகத்த நல்லா பாத்துட்டுதான் படிச்சா."